டிப்பாவின் மோதிர விரல்

ஹெசல்லி ஊரில் தங்கம் போட்டிருந்த பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி பிரபுவின் மனைவி. இன்னொருத்தி அந்தப் பிரபுவின் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்து வெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த டிப்பா. பிரபுவின் மனைவி நினைத்தால் போடுவாள், நினைத்தால் கழற்றிப் பெட்டியில் வைப்பாள். டிப்பாவுக்கு அந்த வசதி இல்லை. தங்கம் அவளுடையதே அல்ல. அதைச் சுமக்கும் விரல் மட்டும் அவளுடையது. அதுவும் எந்த அளவுக்கு அவளுடையது என்பதில் ஊருக்கு வேறு கருத்து இருந்தது.

தடித்த மோதிரம். வெளிப்பக்கம் சுற்றிலும் ரூன் என்னும் பழங்காலக் கோட்டெழுத்துகளை வெட்டி, வெட்டிய பள்ளத்தில் கறுப்பு ஏற்றியிருந்தார்கள். அந்த எழுத்துகளைக் கூட்டி வாசிக்க ஊரில் சிலருக்குத் தெரியும். வாசித்தால் என்ன பொருள் என்பது யாருக்கும் தெரியாது. ஏதோ ‘ஏர்க்ரியு’ என்று தொடங்கி நாக்கை முறுக்கிக்கொண்டு போகும். பாதிரியார் பியோன்னா அது லத்தீன் இல்லை என்றார். ஆகவே கடவுளுக்கும் அது புரியாது என்பது அவர் முடிவு. வழிப்போக்காக வந்து கஞ்சி குடித்துவிட்டுப் போன அயர்லாந்துத் துறவி ஒருவர் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க பாஷையை யாரோ தூக்கத்துல பேசின மாதிரி இருக்கு" என்று சொன்னார். இதனால் மோதிரத்தின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. எல்லாருக்கும் விளங்குகிற வார்த்தைக்கு ரத்தம் எதற்காகக் கட்டுப்பட வேண்டும்?

ஏனென்றால் அது ரத்தம் நிறுத்தும் மோதிரம். அரிவாள் காலில் பட்டாலும், எருது முட்டினாலும், மரம் வெட்டுகிறவன் கோடரி நழுவினாலும், மோதிரத்தைக் காயத்தின் மேல் வைத்து அதில் எழுதியிருப்பதைச் சொன்னால் ரத்தம் நின்றுவிடும். ரத்தம் நின்றவர்கள் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நிற்காதவர்கள் கோவிலுக்குப் பின்னால் புதைக்கப்பட்டு ஒன்றும் சொல்லாமல் கிடந்தார்கள். இப்படி ஒரு தரப்புச் சாட்சியாலேயே மோதிரத்தின் புகழ் வார்ஃப் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருந்தது.

இது டிப்பாவிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய கை ஜில்லென்று இருந்ததுதான். முன்பு பழைய சீமாட்டி, இப்போதைய பிரபுவின் தாய், அதை அணிந்திருந்தாள். சாப்பிட உட்காரும் போதெல்லாம் யாராவது ஒரு மாட்டுக்காரன் ரத்தம் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. குளிர்ந்த கைக்குத்தான் வெண்ணெய் திரளும், குளிர்ந்த கைக்குத்தான் ரத்தமும் அடங்கும் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து, புதிதாகக் கல்யாணமாகியிருந்த பால்காரி டிப்பாவைக் கூப்பிட்டு மோதிரத்தை மாட்டிவிட்டாள். "தங்கம் வீட்டோடது. மறந்துடாதே" என்றாள். டிப்பா மறக்கவில்லை. நினைவூட்ட ஊரில் ஆள் நிறைய இருந்தது.

அப்போது மோதிரம் அவள் விரலில் லொடலொடவென்று சுழலும். நூல் சுற்றித்தான் நிறுத்தி வைத்தாள். பிறகு வருடக்கணக்காகக் கடைந்து, பிழிந்து, குளிர்ந்த நீரில் பானை கழுவி, கணுக்கள் ஆப்பிள் மரத்து முண்டுகள் மாதிரி வீங்கிவிட்டன. மோதிரம் உள்ளே அகப்பட்டுக்கொண்டது. இனி அது வெளியே வர ஒரே வழி, விரலோ மோதிரமோ இரண்டில் ஒன்று போவதுதான்.

ஹெசல்லி இருந்த நார்தம்பிரியா நாட்டில் அந்தக் காலத்தில் ஒரு கலப்பை தேய்வதற்குள் ராஜா மாறிவிடுவார். ஹெசல்லிக்காரர்கள் அதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. மோதிரத்தைப் பற்றித்தான் அலட்டிக்கொண்டார்கள். அது ரத்தத்தை நிறுத்தும் என்றால், நிறுத்தக் கூடாத ரத்தத்தையும் நிறுத்தும் அல்லவா? இந்தத் தர்க்கத்தில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. குளிர்காலத்துக்கு முன்னால் வருகிற வெட்டு மாதத்தில், தீவனம் போதாத கால்நடைகளையெல்லாம் அடித்து உப்புப் போட்டு வைப்பார்கள். ஒரு வருடம் பன்றி ஒன்று சரியாக ரத்தம் விடாமல் செத்து, கறி கறுத்து, ஊருக்கே நாற்றம் பிடித்தது. அன்றைக்கு டிப்பா அந்தப் பக்கமாகப் பால் வாளியுடன் போயிருந்தாள். போதாதா? அதிலிருந்து ஒவ்வொரு வெட்டு மாதமும் முதல் பன்றியைக் கட்டுவதற்கு முன்பே அவளை மேட்டுக்காட்டிலுள்ள ஆட்டுக் குடிசைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசிப் பன்றி கொக்கியில் ஏறிய பிறகுதான் இறங்கி வரலாம். ஆக, வருடத்தில் ஊரிலுள்ள எல்லார் கையிலும் கத்தி இருக்கிற ஒரே மாதத்தில், ரத்தம் நிறுத்துகிறவள் மட்டும் ஊரில் இருக்க மாட்டாள். இதை விசித்திரம் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

பிரசவத்துக்கும் இதே சட்டம். ஒருத்திக்கு வலி கண்டால் வீட்டிலுள்ள முடிச்சையெல்லாம் அவிழ்ப்பார்கள், பின்னலைக் கலைப்பார்கள், பெட்டி மூடியைத் திறந்து வைப்பார்கள். பிள்ளை வர வழி விட வேண்டும். அந்த இடத்தில் எல்லாவற்றையும் மூடுகிற மோதிரத்துக்கு என்ன வேலை? பிள்ளையும் நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு ரத்தம் நிற்காவிட்டால்தான் டிப்பாவைக் கூப்பிடுவார்கள். ஊரில் எத்தனையோ பெண்களின் வெளுத்த முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். மோதிரம் கழன்று வந்த காலத்தில் தான் பெற்றதைத் தவிர, ஒரு குழந்தையின் முதல் அழுகையைக்கூடப் பக்கத்தில் இருந்து கேட்டதில்லை.

அவள் புருஷன் தேனீ வளர்த்தவன், சாதுவானவன். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் காய்ச்சலில் செத்தான். மோதிரத்துக்கு அதில் வேலை இருக்கவில்லை. மிஞ்சியது ஒரே மகள், ஓஸ்கித். அவள் ஹுன்னாவைக் கட்டிக்கொண்டாள். ஹுன்னா பிரபுவின் பன்றி மேய்ப்பவன், வெட்டு மாதத்தில் கத்தி பிடிப்பவன், வாய் ஓயாமல் கிண்டல் செய்பவன்.

ஓஸ்கித்தின் முதல் பிரசவம் நெடுநேரம் இழுத்து, குழந்தை செத்துப் பிறந்தது. டிப்பா உள்ளே போகவில்லை. வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அதுவே ரொம்பக் கிட்டே என்று மருத்துவச்சி பிறகு சொன்னாள்.

இப்போது ஓஸ்கித் மறுபடியும் நிறைமாதம். நாள் வெட்டு மாதத்தில் விழுந்தது.

டிப்பா மேட்டுக்காட்டுக்கு மூட்டை கட்டுவதற்கு முன்னால் பாலாடைக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். ஓஸ்கித் வயிற்றின் மேல் கம்பளி மயிரைப் பரப்பிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஹுன்னா அடுப்போரம் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தை. கையைக் கொஞ்சம் பின்னால வெச்சுக்குங்க" என்றான். "என் கத்தி உங்க மோதிரத்தைப் பார்த்தா மொக்கையாயிடும்."

"உன் கத்தி மொக்கையாறதுக்கு மோதிரம் வேற வேணுமா?" என்றாள் டிப்பா. "நீ பேசுற பேச்சுலயே பன்னி பாதி செத்துருமே."

"பாதிதான் சாகுது. மீதிக்குத்தான் கத்தி."

ஓஸ்கித் சிரிக்கவில்லை. "எப்ப கெளம்புறே?" என்று தாயைக் கேட்டாள்.

"நாளைக்கு."

"இந்தத் தடவை போகாதே."

"போகாம? மருத்துவச்சி என்னை ஆத்துக்கு அக்கரையிலயே நிக்கச் சொல்றா. போன தடவை வேலிகிட்ட நின்னதுக்கே..."

"மோதிரத்தோட நிக்கக் கூடாதுன்னு சொன்னா. அம்மா நிக்கக் கூடாதுன்னு சொல்லலை." ஓஸ்கித் சிக்கெடுப்பதை நிறுத்தினாள். "அதை வெட்டி எடுத்துட்டு வா."

ஹுன்னாவின் தீட்டுக்கல் நின்றது. "ஏய், அது பிரபு வீட்டுத் தங்கம்."

"பிரபுவுக்கா பிரசவம்?" என்றாள் ஓஸ்கித். பிறகு தாயைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "போன தடவை மருத்துவச்சி என் தலையைப் புடிச்சிருந்தா. அவ கையில வெங்காய நாத்தம். எனக்கு நீ வேணும். பொறந்ததும் மறுபடி ஒட்ட வெச்சுக்க. நான் கேக்கறது அந்த ஒரு நாளு. அவ்வளவுதான்" என்றாள்.

மகள் எதையும் கேட்டுப் பழகாதவள். கேட்ட காலத்தில் தாய் எங்கோ யாருடைய காயத்தையோ பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் கேட்பதை விட்டுவிட்டாள். டிப்பாவுக்கு இது தெரியும். அவள் எழுந்து நேராகக் கொல்லன் லூடாவின் பட்டறைக்கு நடந்தாள்.

லூடா கலப்பைக் கொழுவும் அடிப்பான், கம்மலும் செய்வான். இரண்டும் ஒரே கனத்தில் இருக்கும் என்று சொல்வார்கள். டிப்பாவின் கையைப் பட்டறைக்கல்லில் வைத்து அவன் வெகுநேரம் பார்த்தான்.

"வெட்டிடலாம் டிப்பாக்கா. எதை வெட்டணும்னு மட்டும் தெளிவா சொல்லிடு."

"விரலை விட்டுடு. பால் கறக்க வேணும்."

"மணியக்காரர் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

"உன்னைக் கேட்டா?"

"நான் சொன்னேன்னு நானே சொல்லிக்கிறேன்."

சின்ன உளியை வைத்து ஒரு தட்டு. கத்தரியால் இரண்டு பக்கமும் நெம்பினான். மோதிரம் குதிரை லாடம்போல் விரிந்து விழுந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, சுருங்கி, சிறுபெண்ணின் விரல் ஒன்று கிழவியின் கையில் தப்பி வந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. டிப்பா அதைத் தொட்டுப் பார்த்தாள். காற்று பட்டதும் கூசியது.

"பிள்ளை பொறந்ததும் பொடி வெச்சு ஊதி ஒட்டிக் குடுத்துடு" என்றாள். லூடா மோதிரத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான்.

மணியக்காரர் கின்ரிக் பிரபு இல்லாத காலத்தில் பிரபுவாகவும், பிரபு வந்திருக்கும்போது செருப்பாகவும் இருப்பவர். மறுநாள் டிப்பா ஊரிலேயே நடமாடுவதைக் கண்டு அவர் முகம் சிவந்தது. அவள் வெறும் விரலைத் தூக்கிக் காட்டினாள். தங்கத்தை வெட்ட நீ யார் என்று கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு, பன்றிகள் வரிசையாகக் கட்டியிருந்ததும், கை போதாததும் நினைவுக்கு வரவே, "சரி, நின்னு வேடிக்கை பார்க்காதே. வந்து ரத்தம் கலக்கு" என்றார்.

இப்படித்தான் டிப்பா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்டு மாத வேலையில் கை வைத்தாள். ஹுன்னா கழுத்தில் குத்துவான். அவள் கீழே தொட்டி பிடிப்பாள். பிடித்த ரத்தத்தைக் கை விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிதட்டிவிடும், குடலில் அடைத்து அவிக்க ஆகாது. இத்தனை காலம் ரத்தத்தை உறையச் சொல்லி மன்றாடிய கை, இப்போது உறையாதே உறையாதே என்று முழங்கை வரை சுற்றிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது. அவள் கைக்கு அந்தச் சூடு இதமாகக்கூட இருந்தது.

"அத்தை, உங்களுக்கு இந்த வேலை நல்லா வருது" என்றான் ஹுன்னா. "இத்தனை வருசமா மேட்டுல உக்காந்து ஆட்டோட பேசி வீணாப்போச்சு."

"ஆடு குறுக்க பேசாது."

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். குடல் கழுவிக்கொண்டே யாரோ பாடினார்கள். உப்பும் காட்டு வெங்காயமும் மணந்தன. தன்னை எதிலிருந்து இத்தனை வருடம் தள்ளி வைத்திருந்தார்கள் என்பது டிப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் கோபம் வந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கலக்கினாள்.

சில நாள் கழித்து, காலைப் பால் கறந்து முடிக்கும் நேரத்தில் ஓஸ்கித்துக்கு வலி கண்டது. டிப்பா கை கழுவிக்கொண்டு ஓடினாள். மருத்துவச்சி வாசலில் மறித்து, கையை வாங்கித் திருப்பிப் பார்த்து, விரல் வெறுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே விட்டாள். முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்திருந்தன. மாவுப் பெட்டிகூடத் திறந்து கிடந்தது. டிப்பா மகளின் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள்.

"உன் கை ஜில்லுன்னு இருக்கு" என்றாள் ஓஸ்கித்.

"எடுத்துடட்டுமா?"

"வேணாம். நெத்தியில வெச்சுக்க."

கை அங்கேயே இருந்தது. வலிகளுக்கு நடுவில் மகள் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். இந்த வயதில் இப்படி ஒரு காலை தனக்கு வாய்க்கும் என்று டிப்பா நினைத்ததில்லை. மதியத்துக்குள் குழந்தை பிறந்தது. பெண். நன்றாகக் கத்தியது. ரத்தம் அளவாக வந்து தானே நின்றது. மருத்துவச்சி மோதிரத்தைப் பற்றித் தான் சொன்னது சரியாகிவிட்டது என்கிற திருப்தியில் இருந்தாள்.

டிப்பாதான் வாசலுக்குப் போய்ச் சொன்னாள். எதிர்க்களத்தில் பன்றியைப் பலகையில் கட்டிக் குத்தியிருந்தார்கள், அது இன்னும் உதறிக்கொண்டிருந்தது. "ஹுன்னா, பொண்ணு" என்று அவள் கூப்பிட்டதும் அவன் கத்தியோடு திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. அந்த நேரம் பன்றி கடைசியாக ஒரு உதை உதைத்தது. பலகை சரிந்து அவன் மேல் சாய, அவன் கீழே விழுந்தான். கத்தி அவனுடைய தொடையின் உள்பக்கம் ஏறியிருந்தது.

டிப்பா ஓடினாள். ரத்தம் துள்ளித் துள்ளி வந்தது. காயத்துக்கு மேலே, தொடை இடுக்கில், முஷ்டியை வைத்து உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். துள்ளுவது குறைந்தது. பிறகு கசிவாயிற்று.

"பொண்ணா அத்தை?" என்றான் ஹுன்னா. உதடு வெளுத்திருந்தது.

"பொண்ணுதான். பேசாதே."

"யார் மாதிரி?"

"வாய் உன்னை மாதிரி. இப்பவே அடங்க மாட்டேங்குது. சும்மா கெட, நீயே பார்ப்பே."

அவளைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. எல்லார் கண்ணும் அவள் விரலில்தான் இருந்தது. மோதிரம், மோதிரம் என்றார்கள். மணியக்காரர் கின்ரிக் தன் வயதையும் பதவியையும் மறந்து பட்டறைக்கு ஓடி, லூடாவின் பெட்டியைத் திறந்து, விரிந்து கிடந்த மோதிரத்தை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஹுன்னாவைத் தூக்கி வளர்த்தவர்.

"கையை எடு டிப்பா. மோதிரத்துக்கு இடம் விடு."

"கொஞ்சம் பொறுங்க. மட்டுப்பட்டிருக்கு."

"எடுன்னு சொல்றேன்ல. சாகப்போறான்."

டிப்பா கையை எடுத்தாள். அவளைக் கட்டாயப்படுத்தி எடுக்க வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ரத்தம் நிறுத்துவது மோதிரம்தான் என்று இத்தனை காலம் அவளும் நம்பியிருந்தாள். கை என்பது மோதிரம் வேலை செய்கிற வரைக்கும் ஏதோ துணியைப் பிடித்துக்கொள்ளும் சாமான். மோதிரத்தை வாங்கிக் காயத்தில் வைத்தாள். எழுத்துகளைச் சொன்னாள். ரத்தம் அவள் விரல்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. மறுபடி சொன்னாள். திரும்ப முஷ்டியை வைத்தபோது எல்லாம் வழுக்கியது, இடம் அகப்படவில்லை. அகப்பட்டபோது துள்ள ஒன்றும் மிச்சமில்லை.

உள்ளே மருத்துவச்சி விஷயம் தெரியாமல், குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று அப்பனைக் கேட்டுவரச் சொல்லி ஆளனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஊர் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது: மோதிரத்தை வெட்டியதால் ஹுன்னா செத்தான். மோதிரம் முழுதாக இருந்திருந்தால் டிப்பா மேட்டுக்காட்டில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு ஆள் போய்ச் சேர்வதற்குள் இதே ஹுன்னா இதே இடத்தில் செத்திருப்பான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. டிப்பா யோசித்தாள். யோசித்து ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மோதிரத்தைப் பிசாசின் வேலை என்று திட்டிவந்த, ஆனால் மூக்கில் ரத்தம் வந்தபோது டிப்பாவுக்கு ஆளனுப்பிய பாதிரியார் பியோன்னா, அடக்கத்தின்போது, எசமானரின் பொருளை வெட்டுவது பாவம் என்று பேசினார்.

ஏன் வெட்டினாய் என்று பலரும் கேட்டார்கள். "விரல் வலிச்சுது" என்றாள் டிப்பா. மகள் கேட்டாள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓஸ்கித்தும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது மட்டும்தான் அந்தக் குளிர்காலம் முழுவதும் தாயும் மகளும் சேர்ந்து செய்த காரியம்.

டிப்பாவை ஒரு விஷயம் விடவில்லை. முஷ்டியின் கீழ் ரத்தம் அடங்கியது. மோதிரம் வந்தபோது புறப்பட்டது. கறக்கும்போதும் கடையும்போதும் அவளுடைய கை அந்த அடங்கலைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டது. மோதிரம் போட்டிருந்த காலத்தில் பிழைத்தவர்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள்; ஒவ்வொருவரிடமும் தான் எப்படி, எங்கே அழுத்தினோம் என்பது ஞாபகம் வந்தது. அப்படியானால் மகள் மேல் குற்றமில்லை. மோதிரத்தை வெட்டச் சொன்னதால் யாரும் சாகவில்லை. கையை எடுத்ததால்தான் செத்தான்; எடுத்தவள் தான்தான். இதை மகளிடம் சொன்னால் மகளுக்குப் பாரம் இறங்கும் என்று நினைத்தாள்.

குளிர்காலம் முடிந்து நோன்புக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் ஓஸ்கித் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பால் கொட்டகைக்கு வந்தாள். ஒரு கையில் வாத்துக் கொழுப்புக் கிண்ணம். இன்னொரு கையில் மோதிரம். லூடா பொடி வைத்து ஊதி, ஒரு மயிரிழை பெரிதாக ஒட்டியிருந்தான். சேர்த்த இடத்தில் ஒரு தழும்பு இருந்தது; மற்றபடி பழைய மாதிரியே இருந்தது.

"கையைக் குடு" என்றாள்.

"லூடா குடுத்தானா?"

"மணியக்காரர் குடுத்தார். அவரால உன் மூஞ்சியைப் பார்க்க முடியலையாம். ஆத்தங்கரையில மரம் வெட்டுறாங்க. தினம் யாருக்காவது படுது. மோதிரம் பெட்டியில தூங்கக் கூடாதாம்."

டிப்பா கையைக் கொடுக்கவில்லை. "ஓஸ்கித், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் அமுக்கிப் புடிச்சப்போ ரத்தம் மட்டுப்பட்டுச்சு. நான் கையை எடுத்தப்புறம்தான்..."

"பார்த்தவங்க சொன்னாங்க."

"அப்போ உனக்குத் தெரியுமில்ல. நீ வெட்டச் சொன்னதால இல்லம்மா. மோதிரத்துல ஒண்ணுமே இல்ல. கைதான். எப்பவும் கைதான்."

ஓஸ்கித் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முதுகில் குழந்தை அவளுடைய கூந்தலை இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் சின்னதுல காய்ச்சல்ல கெடந்தேன். நீ எங்க போயிருந்தே?"

"ஆத்துக்கு அக்கரை. மாவரைக்கிறவன் கை திரிகையில மாட்டிக்கிச்சு."

"அப்பா சாகறப்போ?"

அன்றும் டிப்பா வேறு யாருடைய காயத்தின் மேலோ குனிந்திருந்தாள். இருவருக்கும் தெரியும்.

"போன தடவை என் பிள்ளை செத்துப் பொறந்தப்போ நீ வேலிக்கு அந்தாண்ட நின்னே. மோதிரத்தாலன்னு நெனச்சு நான் பொறுத்துக்கிட்டேன். உன்னை எங்கிட்டேர்ந்து புடுங்கிட்டுப் போனது மோதிரம்னு சொல்லிச் சொல்லி வளர்ந்தவ நான். இப்போ வந்து, ஒண்ணுமே இல்ல, சும்மா, வெறும் கைதான்ங்கிறே." அவள் குரல் உயரவில்லை. "மோதிரத்தாலதான்மா. அது முழுசா இருந்திருந்தா அவர் பொழச்சிருப்பார்."

"அப்படின்னா பழி உன் மேல வருமே."

"வரட்டும். அது தூக்குற கனம்தான். நீ சொல்றதைத் தூக்க என்னால ஆகாது."

டிப்பா கையை நீட்டினாள்.

ஓஸ்கித் கிண்ணத்திலிருந்து கொழுப்பை எடுத்து, தாயின் விரலில் அடியிலிருந்து நுனிவரை நிதானமாகத் தேய்த்தாள். வீங்கிய கணுவைச் சுற்றி, நகத்தைச் சுற்றி, வெளுத்திருந்த அந்தச் சின்ன இடத்தில் கொஞ்சம் கூடுதலாக. அவசரப்படவில்லை. பிறகு மோதிரத்தைத் திருகித் திருகி ஏற்றினாள். கணுவில் மாட்டியது. டிப்பா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு அழுத்து அழுத்தியதும் தோலைக் கொஞ்சம் உரித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

கணுவில் ரத்தம் பொடித்து, கொழுப்போடு கலந்து வழிந்தது.

"சொல்லு" என்றாள் ஓஸ்கித்.

டிப்பா அந்தப் புரியாத வார்த்தைகளை, ஒன்றையும் விடாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள். இருவரும் கணுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் தாயின் கையை இன்னும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

"பார்த்தியா" என்றாள் ஓஸ்கித்.

"பார்த்தேன்" என்றாள் டிப்பா.